சொம்பு நகர்ந்த கேசட்

அந்தக் கேசட்டில் நான் எங்கேயும் இல்லை. மூன்று மணி நேரம் ஓடுகிற கேசட். பந்தியில் இலை மடித்தவர்கள், வாசலில் செருப்பைத் தேடியவர்கள், பாயாசத்துக்குச் சண்டை போட்ட பிள்ளைகள் எல்லோரும் அதில் உண்டு. நான் மட்டும் இல்லை. வீடியோக்காரரின் போக்கஸ் லைட் என் பக்கம் திரும்பினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவிடுவேன். என் சுபாவம் அப்படி. நாலு பேர் பார்த்தால் எனக்குத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. அந்தக் கூச்சத்தால் ஒரு பெண் ஒன்பது நாள் அடி வாங்கினாள்.

அவள் என் கொழுந்தனார் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். செங்கல்பட்டுப் பக்கத்துப் பெண். என் ஓரகத்தியும் நானும் நெம்மேலிக்குக் கொஞ்சம் முன்னால் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். இரண்டு பேருமே புருஷனை இழந்தவர்கள். அவளுக்கு ஒரே மகன், அந்தப் பெண்ணின் புருஷன், கேளம்பாக்கத்தில் ஆட்டோ ஓட்டினான். எனக்குப் பிள்ளை இல்லை. இரண்டு வீட்டுக்கும் பின்பக்கம் ஒன்றுதான். அங்கே பாத்திரம் கழுவ ஒரு கடப்பைக்கல் மேடை போட்டிருந்தோம். எதிரே நின்று பார்த்தால் இடது கைப்பக்கம் மேடு, வலது கைப்பக்கம் சரிவு. அந்த வலது கோடியில் சாக்கடை.

அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. தொண்ணூறுகளின் கடைசி. வீடியோ எடுக்காமல் யாரும் விசேஷம் செய்யாத காலம். எட்டாம் மாதம் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு டாக்டரம்மா, "சில சமயம் இப்படி ஆகும், காரணம் தெரியாது" என்றார்களாம். பொய் சொல்லாமல் சொன்ன பதில்தான். ஆனால் காரணம் தெரியாத சாவை எங்கள் வீட்டில் ஒருவராலும் தாங்க முடியவில்லை. அவன் ஒரு மாதம் ஆட்டோவை எடுக்கவில்லை. சுவரில் தலையை முட்டிக்கொள்வான்.

இதற்கெல்லாம் பிறகுதான் கேசட் வந்தது. வீடியோக்காரர் பாட்டெல்லாம் சேர்த்து மிக்ஸிங் செய்து கொடுக்க அத்தனை நாள் ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சிநேகிதனிடம் வீடியோ டெக் வாங்கி வந்து போட்டான். அழுதுகொண்டே பார்த்தார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தேன்.

பாதிக்குமேல் ஓடியபோது டிவியில் இரண்டு பூ வட்டம் வந்தது. வட்டத்துக்கு வெளியே எல்லாம் ரோஸ் நிறம். ஒரு வட்டத்துக்குள் மாப்பிள்ளை. இன்னொன்றில் அவள், கடப்பைக்கல் பக்கத்தில், கை நிறைய வளையலோடு. கல்லின் மேல் ஒரு எவர்சில்வர் சொம்பு கவிழ்ந்திருக்கிறது. சுற்றி யாரும் இல்லை. அந்தச் சொம்பு மெல்ல நகர்ந்தது. ஒன்றரை சாண் தூரம் வழுக்கிக்கொண்டு போய் அவள் கைக்குப் பக்கத்தில் நின்றது. அவள் சிரித்தாள்.

"நிறுத்து, நிறுத்து!" என்று ஓரகத்தி கத்தினாள். "எக்கா, பாத்தியா? தானா வருது! யாரும் தொடல!"

அவன் ரிவைண்ட் செய்து மறுபடி போட்டான். மறுபடி நகர்ந்தது.

"வலப்பக்கம் போனா சரி, சாக்கடை அங்கதான கீது. இது இடப்பக்கம் மேட்டுக்கு ஏறுதே! இது இன்னாடா கூத்து?"

அவன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். "இன்னாடி சிரிக்கிற அதுல?"

"வீடியோக்காரரு சிரிக்கச் சொன்னாரு, மாமா."

"சொம்பு தானா வருது, நீ பாட்டுக்கு சிரிச்சிகினு கீற?"

அவள் பதில் சொல்வதற்குள் அறைந்தான். அதற்குமுன் அவன் அவளை அடித்து நான் பார்த்ததில்லை. அவள் டிவி ஸ்டாண்டில் மோதி விழுந்தாள். உதடு கிழிந்தது. டிவியில் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்தச் சொம்பைக் கழுவிக் கவிழ்த்தது நான். பார்த்த உடனே எனக்குத் தெரியும். கேளம்பாக்கம் கூட்ரோட்டில் ஒரு ஓட்டலில் பன்னிரண்டு வருஷம் பாத்திரம் கழுவியவள் நான். கொதிக்கிற தண்ணீரில் அலசிய டம்ளரை ஈரக் கல்லில் கவிழ்த்தால் சில சமயம் தானாக ஓடும். உள்ளே மாட்டிய காற்று சூட்டில் உப்பிக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். விளிம்பில் குமிழ் விடும். டம்ளர் மயிரிழை தூக்கிக்கொள்ளும். அடியில் தண்ணீர் இருக்கிறதா, வழுக்கிக்கொண்டு போய்விடும். ஓட்டலில் நாங்கள் எந்த டம்ளர் முதலில் போகிறது என்று பந்தயம்கூட வைத்திருக்கிறோம்.

அதை அந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். ஒன்று, பயம். "என் கைதான் அந்தச் சொம்பைத் தொட்டது" என்றால் என்ன சொல்வார்கள்? தாலி இல்லாதவள், பிள்ளை பெறாதவள், அவள் கை பட்டுத்தான் குழந்தை போச்சு என்பார்கள். இன்னொன்று, சொம்பு போன திசை. ஓட்டலில் பார்த்த டம்ளர்கள் எல்லாம் சரிவில் இறங்கும். ஒன்றுகூட மேட்டில் ஏறியதில்லை. மறுநாள் காலையில் யாரும் பார்க்காதபோது அதே சொம்பை அதே கல்லில் பத்துத் தடவை வைத்துப் பார்த்தேன். ஏழு தடவை ஓடியது, ஏழு தடவையும் வலப்பக்கம் சாக்கடையைப் பார்த்துத்தான் ஓடியது. அப்படியானால் டிவியில் இடப்பக்கம் ஏறியது எது? ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் உண்மையோ என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

இரண்டாம் நாள் பூசாரி வந்தார். டிவி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தார். "சந்தேகமே இல்ல. பச்சப்புள்ளய முழுங்கினது இதான்" என்றார்.

அவளை நடுவீட்டில் உட்காரவைத்து, காய்ந்த மிளகாயை நெருப்பில் போட்டு முகத்தை அதில் அமுக்கினார்கள். இருமி இருமிக் கண் பிதுங்கியது. பூசாரி கையில் பிரம்பு.

"யாரு நீ? சொல்லு!"

"நான்தாங்க."

ஓர் அடி. "நான்தான்னா எந்த நான்? எந்த ஊரு?"

"செங்கல்பட்டு."

இன்னோர் அடி. "செங்கல்பட்டுல எந்தப் புளியமரம்?"

ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்த யாரோ சிரித்தார்கள். ஓரகத்தி திரும்பி, "போங்கடி உங்க வூட்டப் பாத்துகினு!" என்று சொம்புத் தண்ணீரை ஜன்னலில் வீசினாள். எனக்கு அவள் மேல் முழுக்கக் கோபம் வரவில்லை. பேரனுக்கு வாங்கி வைத்திருந்த பச்சைத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டேதான் மருமகளின் தலைமயிரைப் பிடித்திருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தினமும் அது ஒரு வேலை மாதிரி நடந்தது. சாயங்காலம் கேசட்டைப் போடுவார்கள். சொம்பு நகரும். அவன் எழுந்து அடிப்பான். ஒருநாள் பெல்ட். ஒருநாள் ஆட்டோவில் வைத்திருக்கும் ரப்பர் டியூப். நாலாம் நாள் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, பேய் இல்லாவிட்டால் சுடாது என்றார்கள். சுட்டது. கையை உதறினாள். "பாரு, உதறுது" என்றார்கள். உதறாமல் இருந்திருந்தால் "பாரு, சுடவேயில்ல, பேயிக்கு எங்க சுடும்" என்றிருப்பார்கள்.

நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பேன். காயத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவுவேன். என் புருஷன் என் சுண்டுவிரலை முறித்தபோது எனக்கும் ஒரு பெண் இப்படித்தான் எண்ணெய் தடவினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் இவளை ஒன்றும் கேட்கவில்லை. ஆறாம் நாள் அவளே சொன்னாள்:

"பெரியத்த, நான்தான் இழுத்தேனோ இன்னாவோ. எனக்கே தெரியாம எனக்குள்ள எதனா இருந்தா? அதுதான் என் புள்ளயத் தின்னுச்சா?"

அடியைவிட அது எனக்குப் பெரிதாக வலித்தது. அப்போதும் எண்ணெயைத்தான் தடவினேன்.

எட்டாம் நாள் பூசாரி முடிவாகச் சொல்லிவிட்டார். "நாளைக்கழிச்சு அமாவாச. கையக் கட்டி, கடல்ல நூத்தியோரு முக்கு முக்கி எடுக்கணும். இருந்தா பொண்ணு. போனா பேயி." ஐப்பசி மாதம். அலை ஆள் உயரம் எழும்புகிற சமயம். அவளுக்கோ எழுந்து நிற்கவே சுவர் வேண்டும். மூன்றாவது முக்கிலேயே போய்விடுவாள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கயிறு எத்தனை முழம் வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

அன்றைக்கும் கேசட் ஓடியது. எனக்கு அந்தச் சொம்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அவள் புடவையைப் பார்த்தேன். அரக்குச் சிவப்பு, மயில் பார்டர். வளைகாப்பு அன்று அவளால் கையைத் தூக்க முடியவில்லை என்று நான்தான் முந்தானையை மடித்து இடது தோளில் ஊக்கு குத்திவிட்டேன்.

டிவியில் ஊக்கு வலது தோளில் இருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். வட்டம் மறைந்து அடுத்த காட்சி வந்தது. அதில் ஊக்கு இடது தோளில். "நைனா, பின்னாடி ஓட்டு" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவன் தானாகவேதான் ஓட்டினான், தினமும் செய்வதுபோல. பூ வட்டம் வந்தது. முந்தானை வலது தோள். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் வலது தோளில் முந்தானை போடமாட்டாள். அத்தனை பேரும் சொம்பையே பார்த்தார்கள். ஒரு பொம்பிளைகூடப் புடவையைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்துத் திருப்போரூர் போனேன். வீடியோக்காரர் கடை வாசலில் இரண்டு தடவை நடந்து, மூன்றாவது தடவை உள்ளே போனேன்.

"இன்னாம்மா, பாஸ்போட் போட்டோவா?"

"இல்ல... வளகாப்பு... அந்தப் பொண்ணு முந்தான... மாறிகினு கீது..."

அவருக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் ஒரே சிரிப்பு. "அடேங்கப்பா! ரெண்டு வருசமா இந்த எபெக்ட்ட வுட்டுகினு கீறேன், ஒருத்தரும் கண்டுபுடிக்கல. மாப்ள ஒரு பக்கம் பாத்துகினு கீறாரு. பொண்ணும் அதே பக்கம் பாத்தா சண்ட போட்ட மாதிரி இருக்குமே? அதான் பொண்ண மட்டும் திருப்பி வுட்டேன். கண்ணாடில பாக்குற கணக்கா."

முதலில் எடுத்த கேசட் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. சின்ன டிவியில் போட்டார். அதில் வட்டமும் பூவும் கிடையாது. எங்கள் பின்பக்கம் அப்படியே இருந்தது. ஒரு கை கொதிக்கிற தண்ணீரைச் சொம்பில் ஊற்றி அலசுகிறது. கல்லில் கவிழ்க்கிறது. சுண்டுவிரல் கோணலாக நிற்கிறது. என் கை. வெளிச்சம் என் மேல் விழுகிறது. முகத்தை மூடிக்கொண்டு ஓடுகிறேன். உடனே வலது கோடியில், சாக்கடைப் பக்கம், அவள் வந்து நிற்கிறாள். சொம்பு சரிவில் வழுக்கி அவள் பக்கம் போகிறது.

"நீங்கதான இது? கோழி கணக்கா ஓடுறீங்க பாருங்க" என்றார் அவர். "நல்லாவா கீது? அதான் அந்த எடத்த மட்டும் வெட்டிட்டேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. கேசட்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

நான் திரும்பியபோது பகல் பன்னிரண்டு. பூசாரி கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவள் மூலையில் கிடந்தாள். "இதப் போடு" என்று அவனிடம் கேசட்டை நீட்டினேன். வாங்கிப் போட்டான்.

"யாரு கை அது?" என்றாள் ஓரகத்தி.

"என் கைதான்."

அவள் எழுந்து வந்து என் புடவையைக் கொத்தாகப் பிடித்தாள். "அப்ப நீதானா? பக்கத்துல குந்திகினு நீதான் செஞ்சியா? மலட்டு முண்ட!" கன்னத்தில் அறைந்தாள். இதற்குத்தான் ஒன்பது நாள் பயந்திருந்தேன். வந்துவிட்டது. வந்த பிறகு பெரிதாக ஒன்றுமில்லை.

"அடி. அடிச்சுட்டு பின்னாடி வந்து பாரு" என்றேன்.

சவுக்கு விறகைப் பற்றவைத்துக் குண்டானில் தண்ணீர் கொதிக்கவைத்தேன். எல்லோரும் வந்து நின்றார்கள். அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். சொம்பைக் கொதிதண்ணீரில் அலசிக் கவிழ்த்தேன்.

நகரவில்லை.

பூசாரி கடகடவென்று சிரித்தார். "இன்னாம்மா, உன் சொம்புக்குக் கால் வலியா?"

அத்தனை பேர் கண்ணும் என் மேல். அவள்தான் மெதுவாகச் சொன்னாள்: "பெரியத்த, கல்லு காஞ்சி கீது."

வெயிலில் காய்ந்த கல்லை நனைக்கவே மறந்திருந்தேன். அவளே வாளியை இழுத்துக் கல்லில் தண்ணீர் ஊற்றினாள். மறுபடி அலசினேன், கவிழ்த்தேன். விளிம்பில் குமிழ் வந்தது. சொம்பு அசைந்தது. வழுக்கிக்கொண்டு வலப்பக்கம் போய்ச் சாக்கடையில் விழுந்தது.

அவள் அதை எடுத்தாள். வெந்த கையோடு அவளே அலசி, கவிழ்த்து, இரண்டடி தள்ளி நின்றாள். ஓடியது. இன்னொரு தடவை. ஓடியது. "நான் இல்ல பெரியத்த" என்றாள். "மாமா, நான் இல்ல. பாரு. நான் இல்ல."

அவன் சொம்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். "அப்ப என் புள்ள ஏன் செத்துச்சு?"

"தெரியாதுடா."

"தெரியாதுன்னா? தெரியாதுன்னா இன்னா அர்த்தம்?"

அவன் பாய்ந்து அவள் தலைமயிரைப் பிடித்துக் கல்லில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கல்லின் சரிவில் ஓடியது. இரண்டாவது தடவை மோதத் தூக்கினான். நான் குண்டானைத் தூக்கியிருந்தேன். எப்போது தூக்கினேன் என்று தெரியாது. பிடித்த துணி வழியாகச் சூடு ஏறியது.

"வுடு அவள."

"பெரிம்மா, தூரப் போ."

"வுடுறா. மூஞ்சிலயே ஊத்திடுவேன்."

அவன் நம்பவில்லை. வாழ்நாளில் நான் யாரையும் அதட்டியதில்லை. சிரித்துக்கொண்டே ஓர் அடி முன்னால் வைத்தான். அந்தக் காலில் ஊற்றினேன். அவன் போட்ட அலறலில் காக்கைகள் எழுந்தன. ஓரகத்தி "கொலகாரி, கொலகாரி" என்று மண்ணை வாரித் தூற்றினாள். பூசாரி கயிற்றைக்கூட எடுக்காமல் வேலியைத் தாண்டினார். குண்டானில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கி நடந்து, அவளை முன்னால் விட்டுத் தெருவரைக்கும் போனேன். அங்கேதான் கீழே வைத்தேன்.

நான் வளர்த்த பிள்ளைதான் அவன். அந்தக் காலில் தோல் உரிந்து மூன்று மாதம் கிடந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஊற்றாமல் இருந்திருக்கலாமா என்று சில நாள் தோன்றும். அவளை மறுபடி தூக்கிய அந்தக் கையை நினைத்தால் தோன்றாது.

ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றோம். என் முந்தானையைக் கிழித்து அவள் நெற்றியில் கட்டினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொம்பு தானா ஓடும்னு உனக்கு எப்பலருந்து தெரியும், பெரியத்த?"

முந்தானை மாறியிருந்ததை நேற்றுத்தான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யில்லை. ஆனால் அவள் கேட்டது அதை இல்லை.

"மொத நாளே."

"நீதான் கவுத்தன்னும்?"

"மொத நாளே தெரியும்."

அவள் என்னை அறைந்தாள். வெந்த கையால், முழுப் பலத்தோடு. காதில் கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அடித்த கையை ஊதிக்கொண்டாள்.

பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நானும் ஏறினேன். அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தது. மாமல்லபுரத்தில் இறங்கிச் செங்கல்பட்டு பஸ் மாறினோம், அதிலும் காலியாகத்தான் இருந்தது. அவள் கூப்பிடவில்லை. அவள் அம்மா வீடு வரும்வரைக்கும் நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனேன்.